மைக்ரோஸ்கோப்பைத் தொடாத பிஷா எப்படித் திசுவியலின் தந்தை ஆனார்?

முதலாண்டு மாணவன்

எல்லாருக்கும் வணக்கம். எம்.பி.பி.எஸ். முதலாண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் எங்கள் உடற்கூறியல் துறையில் மாணவர் செமினார். ஆளுக்கு ஒரு முன்னோடி, ஆளுக்குப் பத்து நிமிடம். எனக்குச் சீட்டில் விழுந்த பெயர் சேவியர் பிஷா.

இதுவரை தேடி எடுத்தது இவ்வளவுதான்: பிரெஞ்சுக்காரர், 1771-ல் பிறந்து 1802-ல் இறந்தார், உடல் 21 வகைத் திசுக்களால் ஆனது என்றார், கன்னத்தில் இருக்கும் கொழுப்புத் திண்டுக்கு அவர் பெயர்தான். எல்லா இடத்திலும் 'திசுவியலின் தந்தை' என்று போட்டிருக்கிறார்கள். அடுத்த வரியிலேயே அவர் மைக்ரோஸ்கோப் பயன்படுத்தவில்லை என்றும் போட்டிருக்கிறார்கள். இது எனக்குப் புரியவே இல்லை. நாங்கள் ஹிஸ்டாலஜி (திசுவியல்) லேபில் ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றிய ஸ்லைடை லென்ஸுக்கு அடியில் வைத்தும்கூட எது எதுவென்று தெரியாமல் விழிக்கிறோம். லென்ஸே இல்லாமல் ஒருவர் எப்படித் திசுக்களைப் பிரித்தார்?

இன்னொன்று. நாங்கள் படிப்பது நாலே நாலு அடிப்படைத் திசுக்கள். அவர் சொன்னது 21. அப்படியானால் அவர் சொன்னது தப்பா? தப்பு என்றால் ஏன் இன்னும் பெயர் சொல்கிறோம்? எங்கள் துறைத்தலைவர் (ஹெச்.ஓ.டி.) கேள்வி கேட்காமல் விடமாட்டார். தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற அனாட்டமி டீச்சர்

தம்பி, ஸ்லைடைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். நாளைக்கு டிசெக்‌ஷன் ஹாலுக்குப் போனதும் மார்பறை திறந்திருக்கும் உடல் எந்த மேசையில் இருக்கிறது என்று பாருங்கள். கையுறை போட்ட விரலால் நுரையீரலின் மேல்பரப்பைத் தடவுங்கள். பிறகு பெரிகார்டியம் என்ற இதய உறையைப் பிளந்து அதன் உள்பக்கத்தைத் தடவுங்கள். பிறகு வயிற்றறையில் சிறுகுடலின் மேல்பக்கம். ஃபார்மலினில் ஊறி எல்லாமே விறைத்துத்தான் இருக்கும். ஆனாலும் மூன்று இடத்திலும் ஒரே வழவழப்பு, விளக்கு வெளிச்சத்தில் ஒரே பளபளப்பு. உறுப்பு வேறு, அறை வேறு, வேலை வேறு. உறை மட்டும் ஒன்று. பிஷாவின் கண்டுபிடிப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. இதற்கு லென்ஸ் வேண்டாம்.

இப்போது குடலை வெட்டித் திறந்து உள்பக்கத்தைப் பாருங்கள். வெளிப்பக்கம் வழவழவென்று இருந்த அதே குடல் உள்ளே வெல்வெட் மாதிரி மடிப்பும் சொரசொரப்புமாக இருக்கும். நடுவில் தசை. ஆக, 'குடல்' என்று நாம் ஒரே பெயரில் சொல்வது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வெவ்வேறு பொருட்கள். அந்த அடுக்குகள் தனித்தனியாக நோய்வாய்ப்படும். வெளியுறையான பெரிட்டோனியம் வெந்து அழற்சியாகிக் கிடக்கும்போது உள்ளே சளிச்சவ்வு நன்றாகவே இருக்கலாம். சீதபேதியில் சளிச்சவ்வு புண்ணாகிக் கிடக்கும்போது வெளியுறைக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். இதயத்திலும் அப்படித்தான்: உறை, தசை, உள்சவ்வு என்று மூன்றுக்கும் தனித்தனி நோய். நோயாளிக்கு வரும் தொல்லையும் வேறு, முடிவும் வேறு.

அவருக்கு முன்னால் இத்தாலியில் மோர்கான்யி 1761-ல் ஒரு பெரிய புத்தகம் போட்டு, நோய் உடம்பெங்கும் ஓடும் திரவங்களின் கோளாறு அல்ல, ஓர் உறுப்பில் அது குடியிருக்கிறது என்று காட்டிவிட்டார். பாரிஸில் பினெல் என்ற மருத்துவர் 1798-ல் நோய்களை வகைப்படுத்தும்போது, அழற்சிகளை அவை தாக்கும் சவ்வுகளை வைத்துப் பிரித்தார். பிஷா அதைப் படித்துவிட்டு, சவ்வுகளை மட்டும் அல்ல, உடம்பு முழுவதையும் இப்படிப் பிரித்தால் என்ன என்று இறங்கினார். 1800-ல் சவ்வுகள் பற்றிய நூல். 1801-ல் நாலு தொகுதிகளாகப் 'பொது உடற்கூறியல்'. அதில்தான் அந்த 21.

எப்படிப் பிரித்தார் என்று கேட்டீர்கள். கெடுத்துப் பிரித்தார். ஒவ்வொரு பாகத்தையும் எடுத்து உலர்த்தினார், தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்தார், அழுகவிட்டார், கொதிக்கவைத்தார், அமிலத்திலும் காரத்திலும் போட்டார். எது சுருங்குகிறது, எது கரைகிறது, எது முதலில் அழுகுகிறது, எது கடைசிவரை தாக்குப்பிடிக்கிறது என்று குறித்தார். ஒரே மாதிரி நடந்துகொள்பவை ஒரே திசு. நீங்கள் வீட்டில் ஆட்டுக்கால் பாயா சாப்பிட்டிருந்தால் இதில் பாதி உங்களுக்கே தெரியும். சூடு பட்டதும் நரம்பு என்று நாம் சொல்லும் அந்தத் தசைநாண் முதலில் சுருங்கி விறைக்கும், கொதிக்கக் கொதிக்கப் பிசுபிசுவென்று கரையும், ஆறினால் குழம்பு கட்டியாகும். தசையோ நார்நாராகப் பிரியுமே தவிரக் கரையாது. இந்தச் சுருங்கலைப் பற்றி பிஷா பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அப்படிச் சுருங்கிக் கரையும் புரதத்தை இன்று நாம் கொலாஜன் என்று படிக்கிறோம். அவர் கையில் இருந்தது ஒரு பாத்திரமும் அடுப்பும் அபாரமான பொறுமையும்தான்.

இன்னொரு ஆதாரமும் வைத்துக்கொண்டார்: உயிரோடிருக்கும்போது அந்தத் திசு எப்படி நடந்துகொள்கிறது. உணர்ச்சி உண்டா, சுருங்குமா, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படுமா? கைத்தசையையும் குடல்தசையையும் அவர் இரண்டு திசுக்களாக வைத்தது இப்படித்தான். ஒன்று நாம் சொன்னால் கேட்கும், இன்னொன்று கேட்காது. பிற்பாடு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது ஒன்றில் குறுக்குவரி இருந்தது, மற்றதில் இல்லை. லென்ஸுக்கு முன்பே பிரிவினை சரியாக நடந்துவிட்டது.

மைக்ரோஸ்கோப்பை அவர் ஏன் ஒதுக்கினார்? கிடைக்காமல் இல்லை. நம்பவில்லை. இருட்டில் பார்க்கும்போது ஆளாளுக்கு அவரவர் பாணியில் பார்க்கிறார்கள் என்று சவ்வுகள் பற்றிய நூலில் காரணத்தையும் சொல்லிவிட்டார். அது பிடிவாதம் இல்லை. அன்றைய கூட்டு லென்ஸில் எதைப் பார்த்தாலும் ஓரத்தில் வானவில் மாதிரி நிறம் படியும், உருவம் மங்கும். அந்த மங்கலில் பலர் தங்களுக்குத் தோன்றிய உருண்டைகளையும் இழைகளையும் வரைந்துகொண்டிருந்தார்கள். அந்தக் குறையைச் சரிசெய்யும் வழியை ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் சொன்னது 1830-ல். திசுவை மெல்லிதாகச் சீவும் மைக்ரோடோமும், அதைப் பொதிந்துவைக்கும் பாரஃபின் மெழுகும், சாயங்களும் அதற்கும் பிறகு. ஃபார்மலினில் திசுவைப் பதப்படுத்தலாம் என்று ப்ளூம் கண்டது 1893-ல். உங்கள் லேபில் இருக்கும் ஒரு வசதியும் 1801-ல் கிடையாது. அதனால்தான் அவரை ஹிஸ்டாலஜிஸ்ட் என்று சொல்வதைவிட, ஹிஸ்டாலஜி எதைத் தேட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டவர் என்று சொல்வது பொருந்தும். அந்தத் துறைக்குப் பெயர் வைக்கப்பட்டதே 1819-ல்.

21-ஆ 4-ஆ என்ற கேள்விக்கு வருகிறேன். லாவோசியே 1789-ல் வேதியியலுக்கு 33 தனிமங்களின் பட்டியல் கொடுத்தார். அதில் ஒளியும் வெப்பமும்கூட உண்டு! அதற்காக யாரும் லாவோசியேவைத் தள்ளிவிடவில்லை. பிஷாவும் அந்த ஒப்பீட்டைத்தான் கையில் எடுத்தார். வேதியியலுக்குத் தனிமங்கள் இருப்பதுபோல் உடற்கூறியலுக்கும் எளிய திசுக்கள் உண்டு, அவை சேர்ந்துதான் உறுப்புகள் உண்டாகின்றன என்று முன்னுரையிலேயே சொல்கிறார். அவருடைய பட்டியலில் எலும்பு, குருத்தெலும்பு, நாண், எலும்பு மஜ்ஜை, உடலெங்கும் பரவிய இடைத்திசு எல்லாம் தனித்தனி. நாம் அவற்றை ஒன்றாகச் சேர்த்து இணைப்புத்திசு என்கிறோம். தோலும் சளிச்சவ்வும் அவருக்கு வேறு வேறு திசு, நம் கணக்கில் இரண்டின் மேல்புறமும் எபிதீலியம் என்ற மேல்படலம். ரத்தக் குழாய்களில் தமனிக்கு ஒரு திசு, சிரைக்கு ஒரு திசு என்று வைத்ததை இன்று ஏற்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத கசிவுக் குழாய்கள் என்று ஒரு திசு சொன்னார், அது சுத்தமாக இல்லை. எண்ணிக்கை போயிற்று. பிரிக்கும் அந்த யோசனை மட்டும் நின்றது. 1838-39-ல் ஷ்லைடனும் ஷ்வானும் செல் பற்றிச் சொன்னபோதும், 1858-ல் விர்ச்சோ நோயின் இருப்பிடம் செல் என்றபோதும், நடந்தது ஒரு படி கீழே இறங்கியதுதான். உறுப்பு, திசு, செல் என்ற வரிசையில் நடுப்படி பிஷா போட்டது.

பல வருடங்கள் ஹிஸ்டாலஜி லேப் நடத்தியவள் நான். பிள்ளைகள் 21 என்ற எண்ணை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வைவாவுக்கு வருவார்கள். அதில் ஒரு திசுவுக்காவது அவர் என்ன சோதனை செய்தார் என்று கேட்டால் மௌனம். எனக்கு அதில் எப்போதும் வருத்தம் உண்டு. நீங்களாவது அந்தச் சோதனைகளைச் சொல்லுங்கள்.

அவர் வாழ்க்கையிலிருந்து ஒரே ஒரு சம்பவம் சேர்க்க இடமிருந்தால் இதைச் சேருங்கள். ஜூரா மலைப்பக்கத்தில் துவாரெத் என்ற ஊர்க்காரர், அப்பாவும் மருத்துவர். லியோன் நகரில் அறுவைப் பயிற்சி. 1793-ல் அந்த நகரமே புரட்சி அரசின் முற்றுகையில் சிக்கியது. அதன் பிறகு பாரிஸுக்கு வருகிறார். அங்கே ஓத்தெல் தியூ ஆஸ்பத்திரியில் டெசோ என்ற பெரிய அறுவை மருத்துவர் பாடம் நடத்துவார். முந்தின நாள் பாடத்தை ஒரு மாணவர் மறுநாள் சுருக்கிச் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஒருநாள் சொல்ல வேண்டிய மாணவர் வரவில்லை. அன்றைய பொருள் காறை எலும்பு முறிவு. கூட்டத்தில் யாருக்கும் தெரியாத பிஷா எழுந்து சொன்னார். கேட்டவர்கள் அசந்து போனார்கள். விஷயம் டெசோ காதுக்குப் போயிற்று. அவரைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய் மகனைப்போல வைத்துக்கொண்டார். 1795-ல் டெசோ திடீரென இறந்தார். குருவின் எழுத்துகளைத் தொகுத்து வெளியிடும் வேலையைத்தான் பிஷா முதலில் முடித்தார். தன் சொந்தப் புத்தகங்கள் அதற்கு அப்புறம்தான்.

வாய்த்தாடை அறுவை மருத்துவர்

மேடம் எழுதியதோடு கன்னத்துக் கொழுப்பைப் பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன், ஏனென்றால் அதை வாரம் தவறாமல் கையில் எடுக்கிறவன் நான்.

பிஷாவுக்கு முன்பு 1732-ல் ஹைஸ்டர் என்ற ஜெர்மானியர் இதைப் பார்த்து, ஒரு சுரப்பி என்று எழுதிவைத்தார். அது சுரப்பி அல்ல, வெறும் கொழுப்பு என்று சொன்னவர் பிஷா. கேட்க அற்பமாக இருக்கலாம். ஆனால் மேடம் சொன்ன அதே மனப்பழக்கம்தான் இதிலும் வேலை செய்தது. எங்கே இருக்கிறது, என்ன வடிவம் என்று மட்டும் பார்த்து நிற்காமல், எதனால் ஆனது என்று கேட்டார்.

பார்த்தால் மறக்கமாட்டீர்கள். மேல்தாடைக் கடைவாய்ப் பற்களுக்கு மேலே சளிச்சவ்வில் சின்ன கீறல் போட்டு, பக்சினேட்டர் என்ற கன்னத் தசையின் இழைகளை மெதுவாக விலக்கி, வெளியே கன்னத்தை லேசாக அழுத்தினால், பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் மெல்லிய உறைக்குள் பொதிந்த கொழுப்பு தானாகப் பிதுங்கி வெளியே வரும். தோலுக்கடியில் இருக்கும் சாதாரணக் கொழுப்பின் நிறமும் தன்மையும் வேறு. ஒரு பக்கத்துக்குச் சராசரி 10 மில்லி அளவு. உடல் மெலிந்தவர்களிடமும் இது பெரிதாகக் குறைவதில்லை. கைக்குழந்தைகளுக்கு இது நன்றாகப் புடைத்திருக்கும். பால் உறிஞ்சும்போது கன்னம் உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் தாங்குகிறது.

இதன் உபயோகம் என்னவென்று கேட்டால் செமினாரில் இதைச் சொல்லுங்கள். மேல்கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது சில சமயம் வாய்க்கும் சைனஸுக்கும் நடுவில் ஓட்டை விழுந்துவிடும். தண்ணீர் குடித்தால் மூக்கில் வரும். அந்த ஓட்டையை இந்தக் கொழுப்பை இழுத்துத் தைத்து மூடலாம் என்று 1977-ல் எகெடி என்பவர் காட்டினார். நம் ஊரில் இன்னொரு பெரிய தேவை உண்டு. பாக்கு, குட்கா போட்டுப் போட்டு வாயின் உள்சவ்வு நார்பிடித்து, இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்கு வாய் திறக்காமல் வருகிறவர்கள். நார்ப்பட்டைகளை வெட்டி வாயைத் திறந்துவிட்டு, வெட்டிய இடத்தில் இந்தக் கொழுப்பை விரித்துத் தைப்போம். தன் ரத்தக் குழாய்களோடே வருவதால் பிழைத்துக்கொள்ளும். சில வாரங்களில் அதன்மேல் புதுச் சவ்வு படர்ந்துவிடும். கொழுப்பின் மேல் எபிதீலியம் வளர்வதைக் கண்ணெதிரே பார்ப்பது எனக்கு இன்றும் சந்தோஷமான விஷயம்.

முகம் ஒடுங்கித் தெரிய வேண்டும் என்று ஆரோக்கியமான ஆட்கள் இதை எடுத்துவிடச் சொல்லி வருவது இப்போது அதிகம். உமிழ்நீர்க் குழாயும் முக நரம்பின் கிளைகளும் இதை ஒட்டித்தான் போகின்றன. வயதாக ஆகக் கன்னம் தானாகவே ஒட்டும். எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. கேட்டு வருகிற இளம் வயதுக்காரர்களிடம் நான் அவசரப்படாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

முதலாண்டு மாணவன்

மேடம், டாக்டர், இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இன்று மதியமே நுரையீரல், பெரிகார்டியம், குடல் மூன்றையும் தொட்டுப் பார்த்தேன். நண்பர்களையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. ஒரே குளிர்காலத்தில் 600 உடல்களைத் திறந்தார் என்று படித்தேன். அவ்வளவு உடல்கள் எங்கிருந்து வந்தன? இதைச் செமினாரில் பேசலாமா, வேண்டாமா?

ஓய்வுபெற்ற அனாட்டமி டீச்சர்

பேசுங்கள். கட்டாயம் பேச வேண்டும்.

ஓத்தெல் தியூ ஏழைகளின் ஆஸ்பத்திரி. புரட்சிக்கு முந்தின வருடம், 1788-ல், தெனோன் என்ற அறுவை மருத்துவர் பாரிஸ் ஆஸ்பத்திரிகளைப் பற்றி எழுதிய அறிக்கையில் அங்கே ஒரே கட்டிலில் நாலைந்து பேர் கிடப்பதைப் பதிவு செய்திருக்கிறார். அப்படிப்பட்ட இடத்தில் சாவு குறைவாகவா இருக்கும்? கேட்க ஆளில்லாமல் இறந்தவர்களின் உடல் நேராகக் கத்திக்குப் போயிற்று. சம்மதம் என்ற பேச்சே அன்றைக்கு இல்லை. குளிர்காலம் என்பதற்கும் காரணம் இருக்கிறது: பதப்படுத்தும் வழி இல்லாததால் வெயில் காலத்தில் உடல் தாங்காது. 600 என்ற எண்ணிக்கையை அவர் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். நோயாளியைக் கட்டிலில் கவனித்தது, இறந்தபின் அதே ஆளைத் திறந்து பார்த்தது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது, இதுதான் பாரிஸ் மருத்துவத்தின் பலம். சில உடல்களைத் திறந்து பாருங்கள், வெறும் கவனிப்பால் விலகாத இருட்டு உடனே விலகும் என்று மாணவர்களுக்கு எழுதினார். அந்த வெளிச்சத்துக்கு விலை கொடுத்தவர்கள் பெயரில்லாத ஏழைகள்.

இன்னொரு வழியும் இருந்தது. 1798-99 குளிர்காலத்தில் கில்லட்டினில் வெட்டப்பட்டவர்களின் உடல்களில் சோதனை செய்ய அவருக்கு அனுமதி கிடைத்தது. தலை விழுந்து முப்பது, நாற்பது நிமிடத்துக்குள் உடல் அவர் கைக்கு வந்துவிடும் என்று அவரே எழுதியிருக்கிறார். மின்தூண்டல் கொடுத்தபோது சில உடல்களில் கை கால் தசைகள் துடித்தன, இதயத்தை மட்டும் அவரால் அசைக்க முடியவில்லை. விருப்பத்துக்குக் கட்டுப்படும் தசை, கட்டுப்படாத தசை என்ற அவருடைய பிரிவினைக்கு இது ஒரு சான்றாயிற்று.

நாய்களும் உண்டு. மூச்சுக்குழாயில் ஒரு குழாய்த்திருகை மாட்டி, கழுத்துத் தமனியைத் திறந்துவைத்தார். திருகை மூடினால் பீறிடும் ரத்தம் கொஞ்ச நேரத்தில் சிவப்பு மங்கிக் கறுத்துவிடும். திறந்தால் உடனே மறுபடி சிவக்கும். மூச்சுக்காற்றுதான் ரத்தத்தின் நிறத்தை மாற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடையாது. 1800-ல் வந்த வாழ்வும் சாவும் பற்றிய ஆய்வு நூலில் இதைப் படிக்கும்போது எனக்கு வியப்பும் வரும், வயிற்றைப் பிசையவும் செய்யும். அந்த நாய்க்கு மயக்கமருந்து கிடையாது. மனிதருக்கே அது வருவதற்கு இன்னும் நாற்பது வருடங்களுக்கு மேல் இருந்தது. ஆனாலும் அந்த நூலில்தான், சாவு ஒரே அடியில் நடப்பதில்லை, இதயம், நுரையீரல், மூளை மூன்றில் ஒன்றில் ஆரம்பித்து மற்றவற்றைத் தொடர்ந்து நிறுத்துகிறது என்பதை அவர் படிப்படியாகக் காட்டுகிறார். இன்று ஐ.சி.யு.வில் நிற்கும் டாக்டர் யோசிப்பது இதே வரிசையில்.

உங்கள் பாடத்திட்டத்திலேயே உடல் நமக்கு முதல் ஆசிரியர் என்று ஒரு பகுதி இருக்கிறது. முதல்நாள் உறுதிமொழி எடுத்திருப்பீர்கள். அதைச் சடங்காக விட்டுவிடாமல், பிஷாவின் 600 பேருக்கும் சேர்த்து ஒரு வாக்கியம் சொல்லுங்கள். உங்கள் மேசையில் இருப்பவர் தன் விருப்பத்தோடு எழுதிக்கொடுத்து வந்தவராக இருக்கலாம். அந்தக் காலத்தில் அந்த வாய்ப்பு யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

அவர் சாவையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1797-லேயே ரத்த வாந்தி மாதிரி இருமி ரத்தம் வந்தது. ஓய்வெடுக்கவில்லை. 1802 ஜூலை 8-ம் தேதி ஓத்தெல் தியூவில் தண்ணீரில் ஊறவைத்து அழுகவிட்டிருந்த தோலை வெகுநேரம் ஆராய்ந்துகொண்டிருந்தார். கோடைக்காலம், தாங்க முடியாத நாற்றம். வெளியே வரும்போது படிக்கட்டில் மயங்கி விழுந்தார். காய்ச்சல் ஏறியது. ஜூலை 22-ம் தேதி இறந்தார். டெசோவின் மனைவிதான் கடைசிவரை கவனித்துக்கொண்டார். காசநோய் மூளையுறையைத் தாக்கியிருக்கலாம் என்பது இன்றைய கணிப்பு. முப்பது வயதுதான். நெப்போலியனுக்கு அவருடைய மருத்துவர் கோர்விசார் எழுதிய கடிதத்தில், பலரைப் பலி வாங்கிய ஒரு போர்க்களத்தில் பிஷா வீழ்ந்துவிட்டார், இவ்வளவு குறைந்த காலத்தில் இவ்வளவு வேலையை இவ்வளவு நன்றாக வேறு யாரும் செய்ததில்லை என்று சொல்லியிருக்கிறார். முடிக்காமல் விட்ட விவரண உடற்கூறியல் நூலை அவருடைய மாணவர்கள் புய்சோனும் ரூவும் முடித்தார்கள்.

பாரிஸ் வடக்கு

நான் பாரிஸில் இருக்கிறேன். டாக்டர் இல்லை, ஆனால் பிஷா என்ற பெயர் இங்கே உள்ள எங்கட ஆக்களுக்கு நல்ல பழக்கம். லா ஷப்பல் பக்கத்தில் இருக்கும் தமிழ்ச் சனத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் பதினெட்டாம் வட்டாரத்தில் இருக்கிற பிஷாதான் கிட்ட. மெட்ரோ 13-ம் லைனில் போர்ட் து சான்-துவான் நிலையத்தில் இறங்க வேண்டும். இப்போது பிஷா - கிளோத் பெர்னார் என்று இரண்டு பேரின் பெயரும் சேர்ந்து இருக்கிறது. 2020 பெப்ரவரியில் ஐரோப்பாவின் முதல் கோவிட் மரணம் நடந்தது இந்த ஆஸ்பத்திரியில்தான். சீனாவிலிருந்து வந்த எண்பது வயது சுற்றுலாப் பயணி.

தம்பிக்குப் படம் தேவை என்றால் இரண்டு இடம் சொல்கிறேன். ஒன்று ஈபெல் கோபுரம். முதல் மேடைக்குக் கீழே நாலு பக்கமும் 72 பேரின் பெயர்களைப் பொன்னிறத்தில் பொறித்திருக்கிறார்கள். லா பூர்தொனே அவென்யூ பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தால் ஃபூரியேக்கும் சொவாஜுக்கும் நடுவில் பிஷாவின் பெயர் வடிவாகத் தெரியும். உடற்கூறியல்காரர்கள் கூவியேயும் ப்ரோகாவும்கூட மற்றப் பக்கங்களில் இருக்கிறார்கள். இரண்டாவது, பழைய மருத்துவக் கல்லூரி முற்றத்தில் நிற்கும் வெண்கலச் சிலை. தாவிட் தான்ஜே என்ற சிற்பி செய்தது, 1857-ல் வைத்தார்கள்.

கல்லறை பேர் லஷேஸில். முதலில் வேறு இடத்தில்தான் புதைத்திருந்தார்கள், 1845-ல் தோண்டி இங்கே கொண்டுவந்தார்கள். தோண்டியபோது எலும்புக்கூட்டில் தலை இல்லை. அவருடைய மாணவர் ரூ, மேடம் மேலே சொன்ன அதே ரூ, மண்டையோட்டைத் தன்னிடமே வைத்திருந்து அன்று கொண்டுவந்து கொடுத்தார். குருவின் தலையை நாற்பது வருடத்துக்கு மேல் காத்து வைத்திருந்த மனிதர். அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் புல்லரித்தது.

முதலாண்டு மாணவன்

அண்ணா, அந்த ரூ கதை எனக்குப் போதும், எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். மேடம், பத்து நிமிடத்தில் எதை விட, எதை வைக்க? ஹெச்.ஓ.டி. என்ன கேட்பார்?

ஓய்வுபெற்ற அனாட்டமி டீச்சர்

ரூ கதையைக் கடைசி அரை நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் சொன்னால் பிறகு எதையும் கேட்கமாட்டார்கள். 21 பெயர்களையும் ஸ்லைடில் போடவே போடாதீர்கள். முதல் படம் குடலின் குறுக்குவெட்டு. அதை வைத்தே வெளியுறை, தசை, சளிச்சவ்வு, தனித்தனி நோய் என்று நாலு நிமிடம் பேசலாம். அடுத்து ஊறவைத்தது, கொதிக்கவைத்தது, அமிலத்தில் போட்டது. அதன்பின் 600 பேர். கன்னத்துக் கொழுப்பு ஒரே நிமிடம், டாக்டர் சொன்ன பாக்குப் பழக்கத்தோடு சேர்த்து.

ஹெச்.ஓ.டி. கேட்கக்கூடியது எனக்குத் தெரிந்து ஒன்றுதான். சாவை எதிர்த்து நிற்கும் செயல்களின் தொகுப்பே உயிர் என்று வாழ்வும் சாவும் பற்றிய அந்த நூலில் பிஷா எழுதினார். எல்லாரும் மேற்கோள் காட்டும் வரி. அதைப் போட்டீர்களானால், அவர் உயிர்ச்சக்தி கொள்கைக்காரர்தானே என்று கேள்வி வரும். ஆமாம், அப்படித்தான். உணர்வதும் சுருங்குவதும் இயற்பியல், வேதியியல் விதிகளுக்குள் அடங்காத தனிப் பண்புகள் என்று நம்பினார். பின்னால் மஜாந்தி என்ற உடலியங்கியலாளர் அதே நூலைத் தன் குறிப்புகளோடு மறுபதிப்பாகக் கொண்டுவந்து அந்த இடங்களில் எல்லாம் மறுத்தார். மஜாந்தியின் மாணவர்தான் கிளோத் பெர்னார். பாரிஸ் தம்பி சொன்ன ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகையில் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிறார்கள் என்று அங்கேயே முடிச்சுப் போட்டுவிடலாம். கேள்வி கேட்டவருக்கும் திருப்தியாக இருக்கும்.